தொடர்ந்து மூன்று நாள் வெயில் கிடைக்குமா?

செல்போனில் எந்த ஊரின் பெயரைத் தட்டினாலும் வானிலைத் திரை ஒரே மாதிரிதான் வருகிறது. லட்சக்கணக்கான பேர் வாழும் நகரமானாலும் சரி, வயல்களுக்கு நடுவே நாலு தெரு உள்ள சிற்றூரானாலும் சரி, ஏழு கட்டங்கள், ஏழு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, மழைக்கான சதவீதம். நகரத்தில் இருப்பவருக்கு இது போதும். குடை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தாண்டி அவருக்குப் பெரிய முடிவு எதுவும் இதில் இல்லை. ஆனால் அதே திரையை வைத்துக்கொண்டு அறுப்பதா, காயவைப்பதா, மருந்து அடிப்பதா என்று முடிவெடுக்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு, அந்த ஏழு கட்டங்கள் மீது எனக்கு ஒரு மனக்குறை வந்துவிட்டது. முன்னறிவிப்பு பொய்த்துப்போகிறது என்கிற வழக்கமான குறை இல்லை இது. அது சரியாகவே இருக்கும் வாரத்திலும், கிராமத்து மனிதர் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இருப்பதில்லை.

என் சித்தப்பா விவசாயி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். அறுவடை முடிந்து தானியம் களத்தில் குவிந்து கிடந்தது. "புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் முப்பது முப்பதுன்னு போட்டிருக்கான். அப்படின்னா என்னப்பா அர்த்தம்? சேர்ந்தாப்புல மூணு நாள் வெயில் கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் சொல்லு." எனக்குப் பதில் தெரியவில்லை என்பதைவிட, பதில் அந்தத் திரையில் இல்லவே இல்லை என்பதுதான் உறுத்தியது.

மூன்று நாள் என்று அவர் சும்மா சொல்லவில்லை. அறுத்த தானியத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். மூட்டை கட்டி வைக்க வேண்டுமென்றால் 13, 14-க்கு இறங்க வேண்டும். சித்தப்பாவிடம் ஈரம் அளக்கும் கருவி கிடையாது. குவியலின் மேலிருந்து எடுக்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அதில் நாலு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். பல் அழுந்தினால் இன்னும் ஈரம். நறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. இரண்டு நாள் காய்ந்து, மூன்றாம் நாள் மழையில் நனைந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதோடு முடியாது. பாதி காய்ந்த மணி மறுபடி நீர் குடித்தால் உள்ளே கீறல் விடும், குவியல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும். அதனால் அவருக்கு வெயில் என்பது தனித்தனி நாள் கணக்கு இல்லை. ஒன்றையொன்று ஒட்டிவரும் நாட்கள் வேண்டும். வைக்கோல் காயவைக்கிறவருக்கும், செங்கல் அறுக்கிறவருக்கும் இதே கதைதான்.

முப்பது, முப்பது, முப்பது

கணக்காகவே பார்ப்போம். ஒரு நாள் மழை பெய்ய 30 சதவீத வாய்ப்பு என்றால் பெய்யாமலிருக்க 70. ஒரு நாளின் மழைக்கும் மறுநாள் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வைத்துக்கொண்டால் 0.7-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 0.343 வரும். மூன்று நாளும் மழையில்லாமல் போக 34 சதவீத வாய்ப்பு. ஆனால் அடுத்தடுத்த நாட்களின் வானிலைக்குச் சம்பந்தம் உண்டு. ஒரு தாழ்வுப் பகுதி நிச்சயமாகக் கடந்துபோகப் போகிறது, எந்த நாளில் என்பதில் மட்டும்தான் குழப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது புதன் பெய்தால் மற்ற இரண்டு நாளும் பெய்யாது. வியாழன் பெய்தாலும், வெள்ளி பெய்தாலும் அப்படியே. மூன்றும் தப்புவதற்கு 10 சதவீதம்தான் மிஞ்சும். இன்னொரு வாரம் அந்தத் தாழ்வுப் பகுதி வருமா வராதா என்பதே சந்தேகமாக இருக்கலாம். வந்தால் மூன்று நாளும் நின்று பெய்யும். அப்போது மூன்றும் தப்ப 70 சதவீதம் வாய்ப்பு உண்டு. திரையில் இரண்டு வாரமும் ஒன்றுபோலவே இருக்கும். 30, 30, 30. ஒன்றில் குவியலைத் தொடவே கூடாது, மற்றதில் தைரியமாகப் பரப்பலாம்.

மழைச் சதவீதம் மக்களுக்குப் புரிவதில்லை என்று வானிலைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரும் சக ஆய்வாளர்களும் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் "நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு" என்றால் என்ன என்று கேட்டு, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சரியான பொருளைப் பெரும்பான்மையினர் சொன்னது நியூயார்க்கில் மட்டும்தான். ஐரோப்பிய நகரங்களில் பலர் 'நாளில் 30 சதவீத நேரம் பெய்யும்' என்றும், சிலர் '30 சதவீதப் பரப்பில் பெய்யும்' என்றும் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் பத்துக்கு மூன்றில் பெய்யும் என்பதுதான் சரியான பொருள். சித்தப்பாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சரி, புரியுது. நான் கேட்டது மூணு நாளையும் சேர்த்து" என்றார். மக்களுக்குச் சதவீதம் புரியாது என்கிற பேச்சை நான் இப்போதெல்லாம் அவ்வளவாக ஏற்பதில்லை. கேள்வி கேட்கிறவர் தெளிவாகத்தான் இருக்கிறார். அவர் கேட்டதற்கு உரிய எண்ணைத்தான் யாரும் அவரிடம் கொடுப்பதில்லை.

அந்த ஊரை யார் பார்க்கிறார்கள்

ஊர்ப் பெயருக்குக் கீழே எண் வருவதால், யாரோ அந்த ஊரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்ற நினைப்பு வருவது இயல்பு. சிறிய ஊர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் ஆகியவற்றைக் கணினி கணக்கிடுகிறது. இந்தக் கணக்குமுறையைத்தான் 'மாதிரி' என்கிறார்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதாவது ஊர், ஏரி, மேட்டு நிலம், பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே எண். ஆப், ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள கட்டங்களின் எண்களிலிருந்து ஒன்றைத் தேற்றி, உயர வித்தியாசத்துக்கு ஏற்ப வெப்பநிலையைக் கொஞ்சம் திருத்தி, ஊர்ப் பெயரின் கீழே போட்டுவிடுகிறது. வெப்பநிலைக்கு இது நன்றாகவே வேலை செய்யும். இடிமழைக்குச் செய்யாது. ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். தனி மேகமானால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துக் கலைந்துவிடும். 9 கிலோமீட்டர் கட்டத்துக்கு அந்த மேகம் தனியாகத் தெரியாது. இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் இருந்தால் சராசரியாக இவ்வளவு மழை என்று ஒரு தோராயத்தைத்தான் மாதிரி போடுகிறது. ஊரின் கிழக்குத் தெருவில் பெய்து மேற்குத் தெருவில் பெய்யாத மழையை ஐந்து நாள் முன்னால் எவராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை.

நடப்பதைக் கண்காணிப்பதிலும் சிறிய ஊருக்குக் குறைதான். ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைந்து கீழே இறங்குகிறது. அரை டிகிரி சாய்வில் அனுப்பிய கதிர் 100 கிலோமீட்டர் தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ரேடார் இருக்கும் நகரத்திலிருந்து தள்ளி இருக்கிற ஊரில் தாழ்வான மேகம் மழையாகக் கொட்டினாலும் கதிர் அதற்கு மேலாகவே போய்விடலாம். மழைமானிகளின் கணக்கு இன்னும் திகைக்க வைக்கும். உலகில் தரவு கிடைக்கிற மழைமானிகள் அத்தனையின் வாயையும் சேர்த்து வைத்தால் மொத்தப் பரப்பு அரைக் கால்பந்து மைதானம்கூட வராது என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொரு மானியும் தன்னைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் பொருந்தும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பூமிப் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் அளவுக்குள் வருகிறது.

இதையெல்லாம் சொல்வதால் முன்னறிவிப்பை மட்டம் தட்டுகிறேன் என்று எண்ண வேண்டாம். பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் அது முன்னேறியிருக்கிறது. இன்றைய ஐந்தாம் நாள் கணிப்பு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மூன்றாம் நாள் கணிப்பின் தரத்தில் இருக்கிறது. சத்தமில்லாமல் நடந்த பெரிய அறிவியல் சாதனை அது. அதனால்தான் ஆதங்கம் கூடுகிறது. இவ்வளவு உழைத்துக் கண்டுபிடித்ததைக் கடைசியில் ஏழு படங்களாகச் சுருக்கித் தருகிறோம்.

ஐம்பத்தொரு வாரங்கள்

1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர் தன் கணினியில் பழைய கணக்கு ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டினார். 0.506127 என்று இருந்த எண்ணை, அச்சுத்தாளில் இருந்தபடி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. பிறகு பிரிந்து, ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாத வானிலையாக மாறின. தொடக்கத்தில் நமக்குத் தெரியாத துளியளவு வித்தியாசம் நாளாக நாளாகப் பெருகிவிடும் என்பது அதிலிருந்து தெளிவானது. ஆகவே ஒரே ஒரு கணிப்பை ஓட்டி அதை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. 1992 டிசம்பரில் ஐரோப்பிய மையமும் அமெரிக்க வானிலை மையமும் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டும் முறையை அன்றாட வேலையாக்கின. குழும முன்கணிப்பு என்பது இதுதான். ஐரோப்பிய மையத்தில் இன்று ஒவ்வொரு முறையும் 51 கணிப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியான முழு வாரம். புதன் அன்று தாழ்வு கரையைத் தொட்டால் வியாழன் என்ன ஆகும், வெள்ளி என்ன ஆகும் என்று ஒன்றோடொன்று பொருந்திய வாரம். திரையில் காட்டும் 30 என்ற எண், பெரும்பாலும் இப்படிப்பட்ட கணிப்புகளில் எத்தனையில் அன்று மழை வந்தது என்பதைப் பார்த்துத் தேற்றியதுதான்.

இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் சித்தப்பா கேட்ட அன்றுதான் இதை வைத்து என்ன செய்யலாம் என்பது உறைத்தது. "ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, 51 கணிப்புகளையும் வரிவரியாகக் காட்டும் இணையதளம் ஒன்றில் அந்த ஊர் விழும் கட்டத்தைத் திறந்தேன். ஒரு தாளில் 51 கோடு போட்டு, ஒவ்வொரு கணிப்பிலும் எந்தெந்த நாள் 1 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்று குறித்துக்கொண்டே வந்தேன். புதன் 15, வியாழன் 16, வெள்ளி 15. ஆப் சொன்ன 30-உம் இதுவும் ஒத்துப்போயின. பிறகு மூன்று நாளும் மழையே இல்லாத வரிகளை மட்டும் எண்ணினேன். 9. அவ்வளவுதான். மீதி 42 கணிப்புகளிலும் ஏதோ ஒரு நாளாவது மழை இருந்தது. அந்த நாள்தான் கணிப்புக்குக் கணிப்பு மாறிக்கொண்டிருந்தது. ஆப்பில் மூன்று நாளுக்கும் மேகத்துக்குப் பின்னால் சூரியன் எட்டிப்பார்க்கும் படம். தாளிலோ, ஆறில் ஐந்து பங்கு வாய்ப்போடு காயவைப்பது நடுவில் தடைபடும் என்று இருந்தது.

சித்தப்பாவிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ மழை வரும்னு அவங்களுக்குத் தெரியுது, எந்தக் கிழமைன்னுதான் தெரியல. அப்படித்தானே?" என்றார். நான் ஒரு மணி நேரம் எண்ணிக் கண்டதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். குவியல் முழுவதையும் பரப்பவில்லை. இரண்டு தார்ப்பாயால் சட்டென்று மூடிவிடக்கூடிய அளவு மட்டும் பரப்பினார். மீதியைக் கொட்டகைக்குள் மெல்லிசாக விரித்துக் கிளறிவிட்டார். அறுக்காமல் நின்ற பகுதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். வெள்ளியன்று மழை பெய்தது. இதை என் பக்கத்துச் சாட்சியாக நான் சொல்ல மாட்டேன். பெய்யாமல் போயிருந்தாலும் அந்த 9 என்ற எண் பொய்யாகியிருக்காது, அவர் எடுத்த முடிவும் தவறாகியிருக்காது. வாய்ப்பைச் சொல்லும் கணிப்பை ஒரே வாரத்தை வைத்துச் சரிபார்க்க முடியாது. பல நாள் கணிப்பையும் நடந்ததையும் சேர்த்து மதிப்பிடும் முறையை வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950-லேயே வகுத்துக் கொடுத்திருக்கிறார்.

பிற்பாடு இன்னொரு வாரத்தில் ஏறத்தாழ அதே 30-கள் அடுத்தடுத்து வந்தன. அதே படங்கள். எண்ணிப் பார்த்தால் 51-இல் 34 கணிப்புகளில் மூன்று நாளும் மழை இல்லை. மழை வந்த மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று நாளும் விடாமல் பெய்தது. வந்தால் ஒரேயடியாக வரும், வராவிட்டால் முழுதாகத் தப்பலாம் என்ற வாரம். அந்த முறை சித்தப்பா முழுவதையும் பரப்பினார். செல்போன் திரையில் இரண்டு வாரத்துக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

நாளைக் கூறுபோடுவது

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஆப்புகள் பெரும்பாலும் ஒவ்வொரு நாளையும் நள்ளிரவில் வெட்டுகின்றன. ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு ஓயும் ஒரே மழை, இரண்டு நாள் கணக்கிலும் ஏறிவிடும். களத்தில் வேலை செய்கிறவருக்கு நாள் என்பது காலை பனி விலகியதிலிருந்து சாயங்காலம் குவித்து மூடுகிற வரை. ராத்திரி மழைக்குத் தார்ப்பாய் இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு வரும் மழைக்குத்தான் ஆள் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே 30-க்குள் அடைப்பது எந்த விதத்தில் நியாயம்? அளவும் அப்படியே. தூறலாக அரை மில்லிமீட்டர் விழுந்தால் அரை மணி வெயிலில் போய்விடும். 20 மில்லிமீட்டர் என்றால் களத்தில் தண்ணீர் நிற்கும். ஏழாம் நாள் விஷயம் இன்னொரு பக்கம். அதற்குள் 51 வரிகளும் நாலாபுறமும் சிதறி, அந்தப் பருவத்தில் வழக்கமாக எவ்வளவு பெய்யுமோ அந்தச் சராசரியை நோக்கிப் போகத் தொடங்கியிருக்கும். ஆனாலும் ஏழாவது படம் முதல் படத்தின் அதே அழுத்தமான நிறத்தில், அதே அளவில் நிற்கிறது. நாளைக்குச் சொல்வதும் அடுத்த ஞாயிறுக்குச் சொல்வதும் ஒரே உறுதியோடு சொல்லப்படுவதாகத்தானே பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார்?

நான் கேட்பது புதிய அறிவியலை இல்லை. 'அடுத்த ஏழு நாட்களில் தொடர்ந்து மூன்று பகல் மழையில்லாமல் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, எந்த மூன்று நாள்' என்ற ஒரே ஒரு வரி போதும். மருந்து அடிக்கிறவருக்கு 'அடித்தபின் ஆறு மணி நேரம் மழையும் பலத்த காற்றும் இல்லாமல் இருக்குமா' என்று ஒரு வரி. 51 வாரங்களும் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. நான் தாளில் கோடு போட்டு எண்ணியதைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணிவிடும். ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மாதிரியையும் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த வகை மாதிரிகளுக்குக் கணிப்புச் செலவு மிகக் குறைவு என்பதால் நாளை 51 என்பது பல நூறாகலாம். வாரங்களின் எண்ணிக்கை கூடக் கூட, அவற்றை நாள்நாளாகக் கூறுபோட்டுச் சராசரியாக்கிக் காட்டுவது இன்னும் பெரிய வீண்.

ஆனால் அந்தப் புது மாதிரிகளும் பாடம் படிப்பது கடந்த காலத் தரவிலிருந்துதான். அவற்றில் பெரும்பாலானவை படித்த ஈஆர்ஏ5 என்ற தரவுத் தொகுப்பின் கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். சிறிய ஊரின் மழை அதற்குள் கரைந்துபோய்விடுகிறது. இந்தக் குறையை ஆப்பாலும் தீர்க்க முடியாது, கணினியாலும் தீர்க்க முடியாது. ஊரில் யாராவது அளந்தாக வேண்டும். சித்தப்பா இப்போது களத்து ஓரத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதன் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, வாய் மட்டமாக இருக்கும்படி நட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுகிறார். அதன் பக்கத்தில், முந்தின நாள் ஆப் சொன்ன சதவீதம். 30 என்று சொன்ன நாட்களையெல்லாம் பிரித்தெடுத்து, அவற்றில் பத்துக்கு மூன்றில்தான் இந்த ஊரில் பெய்ததா, இல்லை ஐந்தில் பெய்ததா என்று பார்க்க ஓரிரு பருவத்தின் நோட்டாவது வேண்டும். மழை பெய்த நாளில் எழுத அவருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பெய்யாத நாளில்தான் "இதுல எழுத என்னப்பா இருக்கு" என்று விட்டுவிடுவார். பூஜ்யம் என்று கட்டாயம் எழுதுங்கள் என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறேன். இடம் காலியாக இருந்தால், அன்று மழை இல்லையா, அல்லது அன்று யாரும் பார்க்கவில்லையா என்பது ஆறு மாதம் கழித்துத் தெரியாது. அவர் கேட்கும் மூன்று நாள் வெயிலைத் தேட வேண்டியதே அந்தப் பூஜ்யங்களில்தான்.